புரோடிக்குச் சரிப்படாது

எல்ஸ்பெத் அந்தக் குளிர்காலம் முழுவதும் யார் யாருடைய வண்டிகளுக்குள்ளேயோ குனிந்து நுழைந்து, குனிந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். ஸ்காட்லாந்தின் ஃபார்ஃபரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவள் வீடு. சனிக்கிழமை காலையில் அவளுடைய கார் கிளம்பும்போது பின் கண்ணாடி முழுக்க நாய் முகமாகத்தான் தெரியும். சாயங்காலம் அதே முகங்களோடு திரும்பி வரும்.

"கெடைச்சுதா?" என்று நான் வாசலில் நின்று கேட்பேன்.

"புரோடிக்குச் சரிப்படாதாம்" என்பாள். அதைச் சொல்லிவிட்டு, காரிலிருந்து இறங்கக்கூட மனமில்லாமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

அவள் டண்டீயில் ஓர் ஆஸ்பத்திரியின் முதியோர் வார்டில் நர்ஸாக இருந்தவள். அவள் கணவன் மர்டோ லாரி ஓட்டியவன். இங்கிருந்து மீனை ஏற்றிக்கொண்டு ஸ்பெயின் வரை போவான், அங்கிருந்து தக்காளியோடு வருவான். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவன் பிழைப்பு. போன இலையுதிர் காலத்தில் முதுகு வலி என்று சொல்லி வேலையை விட்டான். அவளும் கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். இனி படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு கேம்பர் வேன் வாங்கி, குளிர் வரும்போதெல்லாம் தெற்கே வெயிலைத் தேடிப் போய்விடுவது என்பது இருவரும் பல வருடங்களாகப் பேசி வைத்திருந்தது.

வேன்தான் வேண்டும், ஏனென்றால் நாய்கள். புரோடி செயின்ட் பெர்னார்ட், வயதானவன், இடுப்பு எலும்பு தேய்ந்துபோனவன். படி ஏறுவதென்றால் முதலில் படியைப் பார்ப்பான், பிறகு நம்மைப் பார்ப்பான், பிறகு படுத்துக்கொள்வான். கோரா நியூஃபவுண்ட்லாந்து இனம், கறுப்பு, கன்றுக்குட்டி அளவு. எங்கே தண்ணீர் கண்டாலும் இறங்கிவிடுவாள், மேலேறி வந்து யார் பக்கத்தில் நிற்கிறாளோ அவர்கள் மேல் உதறுவாள். ஒரு முறை இரண்டையும் நாய் விடுதியில் விட்டுவிட்டு வெளியூர் போனார்கள். புரோடி சாப்பிட மறுத்து எலும்பும் தோலுமாக ஆகிவிட்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இவ்வளவு பெரிய நாய்களைச் சேர்த்துக்கொள்ளும் ஹோட்டலும் கிடையாது.

முதலில் பார்த்தது ஆர்ப்ரோத்தில். பக்கவாட்டுத் தள்ளுகதவு, உள்ளே ஏற உயரமான படி. எல்ஸ்பெத்துக்கே முழங்கால் வலித்தது. மர்டோ தலையை ஆட்டினான். அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது.

பெர்த்தில் ஒரு கடைக்காரன் மின்னும் புது வண்டி ஒன்றைக் காட்டினான். அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த சந்தில் கோரா நேராக உள்ளே போனாள், திரும்ப முடியவில்லை. பின்னாலேயே நடந்து வரவும் அவளுக்குத் தெரியவில்லை. எல்ஸ்பெத் முன்சீட்டின் மேல் ஏறிக் குதித்து அந்தப் பக்கம் போய், ஓட்டுநர் கதவைத் திறந்து அவளை அந்த வழியாக இறக்கினாள். கோராவின் எச்சில் புது சீட்டில் நூல் நூலாகத் தொங்கியது.

கடைக்காரன் அசரவில்லை. அடுத்த வண்டியின் பின்கதவைத் திறந்தான். மேலே கட்டில், கீழே சைக்கிள் வைக்க இருட்டான ஓர் அறை.

"நாய்ங்க ரெண்டும் இதுல ஜம்முன்னு படுத்துக்கும் மேடம்."

"என் புரோடி என்ன சைக்கிளா?" என்றாள் எல்ஸ்பெத்.

"டயர்ல காத்து கம்மியா இருக்குற சைக்கிள்" என்றான் மர்டோ. அன்று அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இப்படியே போயிற்று. ஒரு வண்டியில் தரை வழவழவென்றிருந்தது, புரோடியின் கால் விரிந்துவிடும் என்றான் மர்டோ. இன்னொன்றில் ஜன்னல் சின்னது, இவ்வளவு ரோமத்தோடு வெயிலில் வெந்துவிடுவார்கள் என்றான். அடுத்ததில் எல்லாம் சரியாக இருந்தது. அவன் கீழே குனிந்து அச்சைப் பார்த்துவிட்டு, "இது தாங்குற எடை ரொம்பக் கம்மி. ரெண்டு நாயும் சேர்ந்தா ரெண்டு ஆம்பளைக்கு மேல. தண்ணி, கேஸ், நம்ம ரெண்டு பேரு. போலீஸ் எடை மேடையில ஏத்தினா மாட்டிக்குவோம்" என்றான். லாரிக்காரன் சொன்னால் அவள் என்ன மறுத்துப் பேச முடியும்? வரவேற்பறைத் தரையில் இரண்டு நாய்களையும் படுக்க வைத்து அளவு நாடா பிடித்தவள் அவள்தான். ஒவ்வொரு வண்டியிலும் மண்டியிட்டு அந்த அளவு பொருந்துகிறதா என்று பார்த்தவளும் அவள்தான். மர்டோ கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெளியே நிற்பான். கடைசியில் ஒரு குறை சொல்வான். திரும்பும்போதும் அவள்தான் ஓட்டுவாள். முதுகு வலி என்று இலையுதிர் காலத்திலிருந்தே சாவியை அவளிடம் கொடுத்துவிட்டான்.

ராத்திரிப் பணியில் கூட இவ்வளவு களைத்ததில்லை என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "வார்டுல யாராவது ஒருத்தராவது நன்றி சொல்வாங்க."

பனி குறையத் தொடங்கிய சமயத்தில் கார்னூஸ்டியில் ஒரு வண்டி விற்பனைக்கு இருப்பதாகத் தெரிய வந்தது. அலஸ்டர், நெட்டி என்று ஒரு வயதான தம்பதி வைத்திருந்தது. அவர்களும் பெரிய நாய் வளர்த்தவர்கள், இப்போது மகளோடு போய் இருக்கப் போகிறார்கள். பின்கதவு இரண்டும் அகலத் திறந்தன. மடக்கி வைக்கும் சாய்வுப் பலகை, அதன் மேல் சொரசொரப்பான ரப்பர். உள்ளே முன்சீட்டுக்குப் பின்னால் வெறும் தரை, இரண்டு பேர் கையை விரித்துப் படுக்கலாம். கட்டில் ஓரமாகச் சுவரோடு. நாயின் மார்புப் பட்டையை மாட்டத் தரையில் வளையங்கள். கூரையில் காற்றாடி. ஈர நாயைக் கழுவப் பின்கதவோரம் ஒரு குழாய். அந்தக் குழாயைப் பார்த்ததும் எல்ஸ்பெத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"அச்சு நல்ல கனமானது" என்று அலஸ்டர் மர்டோவிடம் சொன்னார். "எடையப் பத்திக் கவலையே வேணாம் தம்பி. நாங்க பியானோ வேணும்னாலும் ஏத்தியிருப்போம்."

புரோடி பலகையைப் பார்த்தான். எல்ஸ்பெத்தைப் பார்த்தான். பிறகு தானாகவே, கோவிலுக்குள் போகிற பெரியவர் மாதிரி, மெதுவாக ஏறிப் போனான். நடுத் தரையில் ஒரு சுற்று சுற்றி, பெருமூச்சு விட்டுப் படுத்தான். கோரா போய் அவன் முதுகில் தாடையை வைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா" என்றாள் நெட்டி. "வீட்டுக்கு வந்துட்டாங்க."

எல்லோரும் மர்டோவைப் பார்த்தார்கள். அவன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான். ஓட்டுநர் கதவைத் திறந்தான். உள்ளே ஏறவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடி நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"புரோடிக்குச் சரிப்படாது" என்றான்.

உள்ளே புரோடி குறட்டை விடத் தொடங்கியிருந்தான்.

"சரிப்படாதா?" என்றாள் நெட்டி. "அப்ப நீங்களே அவனை எழுப்பிச் சொல்லுங்க."

புரோடியை எழுப்புவது லேசில் நடக்கவில்லை. கூப்பிட்டார்கள், கெஞ்சினார்கள், பின்னாலிருந்து தள்ளினார்கள். எல்ஸ்பெத் மத்தியானச் சாப்பாட்டுக்கு வாங்கி வைத்திருந்த இறைச்சிப் பணியாரத்தை மூக்கின் முன்னால் நீட்டிக்கொண்டே பின்னால் நடந்து நடந்து வெளியே கொண்டுவந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. அலஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு ஓட்டாமல் கடற்கரையில் கொண்டுபோய்க் காரை நிறுத்தினாள். கோராவை இறக்கிவிட்டாள், அவள் நேராகக் கடலுக்குள் போனாள். புரோடி பணியாரத்தின் மீதியைத் தின்றுகொண்டு பின்சீட்டிலேயே இருந்தான். காற்று காரை ஆட்டியது.

"என்ன குறை சொல்லு" என்றாள் எல்ஸ்பெத். "எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்ல மர்டோ. அந்த வண்டியில என்ன குறைன்னு மட்டும் சொல்லு."

"பலகை கொஞ்சம் சரிவா..."

"நாயை விடு. நாய் தூங்கிடுச்சு. உனக்கு என்ன?"

அவன் கடலைப் பார்த்தான். கோராவின் தலை மட்டும் அலைமேல் கறுப்பாகத் தெரிந்தது.

"என்னால ஓட்ட முடியாது" என்றான்.

"முதுகுதானே? நடுநடுவுல நிறுத்தி நிறுத்தி..."

"முதுகு இல்ல." கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "போன ஆகஸ்ட்ல, ஆபிங்டன் தாண்டி வந்துட்டு இருந்தேன். பட்டப்பகல். கண்ணு மூடிருச்சு. தூங்குறேன்னே தெரியல எனக்கு. ரோட்டோரக் கோட்டு மேல சக்கரம் ஏறித் தடதடன்னு அடிச்சுது பாரு, அதுலதான் முழிச்சேன். முன்னால ஒரு சின்னக் காரு. ரொம்பப் பக்கத்துல. பின்சீட்ல புள்ளைங்க என்னைப் பாத்துக் கையாட்டிட்டு இருந்துச்சுங்க."

"ஐயோ."

"ஒண்ணும் ஆகல. பிரேக் போட்டேன், நின்னுச்சு. அதுங்க கையாட்டிக்கிட்டே போயிருச்சுங்க. ஒண்ணுமே ஆகல எல்ஸ்பெத். ஆனா அதுக்கப்புறம் ஸ்டியரிங் பின்னால ஒக்காந்தா எனக்கு வேர்த்துடுது."

"டாக்டரப் பாத்தியா?"

"பாத்தேன். எல்லாச் சோதனையும் பண்ணாரு. உடம்புல நோய் ஒண்ணும் இல்லையாம். அசதின்னாரு. எத்தனை வருஷத்து அசதியோ, ஒரே நாள்ல போயிடுமான்னு கேட்டாரு."

"எங்கிட்ட முதுகு வலின்னு சொன்னே."

"முதுகும் வலிச்சுது."

அவள் கட்டியணைத்துக்கொள்வாள் என்று அவன் எதிர்பார்த்திருக்கலாம். அவள் ஒன்றும் செய்யவில்லை. காரை விட்டு இறங்கிப் போய்க் கோராவைக் கூப்பிட்டாள். கோரா வந்து அவள் மேல் நன்றாக உதறினாள். நனைந்த கோட்டோடேயே வீட்டுக்கு ஓட்டி வந்தாள். வழியில் அவன் ஏதோ சொல்லத் தொடங்கியபோது, "அப்புறம்" என்றாள்.

அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் கெட்டில் கொதிக்கும் சத்தம்தான் கேட்டது. ஒரு மத்தியானம் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவன் பயந்ததுக்கு எனக்குக் கோவமே இல்ல" என்றாள். "யாருக்குத்தான் பயம் வராது? குளிர்காலம் பூரா என்னை மண்டி போட வச்சான் பாரு. பாவம் அந்த வாயில்லாத ஜீவன் மேல பழியப் போட்டுட்டு நின்னான் பாரு. அதுதான் ஆறல."

"சொல்லக் கூச்சமா இருந்திருக்கும்."

"எங்கிட்டயா? வார்டுல ஒரு நாளைக்கு நான் பாக்காத கூச்சமா?"

கார்னூஸ்டிக்கு அவள் போன் செய்து பார்த்தாள். வண்டி விற்றுப்போயிருந்தது. வாங்கியவர்கள் ஒரு பூனை வைத்திருக்கிறார்களாம். நெட்டி இதைச் சொல்லும்போது குரலை இறக்கிக்கொண்டாளாம், துக்கம் சொல்வதுபோல.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எல்ஸ்பெத், "நான் ஓட்டுறேன்" என்றாள்.

"எதை?"

"வேனை. நீ பக்கத்துல ஒக்காரு. இல்லன்னா பின்னால ஒக்காரு."

"நீ கடைக்குப் போறதுக்கே மூணு தடவை ரிவர்ஸ் எடுப்பே."

"ஆமா. வேன்ல ஆறு தடவை எடுப்பேன். அவசரம் யாருக்கு?"

அவள் தைரியமாகச் சொன்னாளே தவிர, அவளுக்கும் உள்ளுக்குள் நடுக்கம்தான். அவளும் களைத்தவள். யாராவது ஓட்ட, தான் சாய்ந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்றுதான் அத்தனை வருடம் ஆசைப்பட்டிருந்தாள். அந்த ஆசையை விட்டுக்கொடுப்பதுதான் எல்லாவற்றையும்விடச் சிரமமாக இருந்தது என்று பிறகு சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை நாய்களை மட்டும் ஏற்றிக்கொண்டு கிரிமியூருக்குப் போனாள். அங்கே டூகல்ட் என்று ஒரு தச்சர். ஒரு முதியோர் இல்லம் கழித்துப் போட்ட வேனை வாங்கிப் படுக்கையும் அடுப்பும் பொருத்தி வைத்திருந்தார். வண்டியைப் பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தாழ்வான தரை, பின்னால் சக்கர நாற்காலி ஏற்றும் அகலமான பலகை. இந்த மாதிரி வண்டிகளில் எத்தனை கிழவர்களை ஏற்றி இறக்கியிருக்கிறாள். உள்ளே தலையை நீட்டியதும் கிருமிநாசினி வாசனை அடித்தது. பழைய வார்டு அப்படியே மூக்கில் ஏறியது. வேண்டாம் என்று திரும்பிவிட்டாள்.

"கழுவிக் கழுவிப் பாத்துட்டேம்மா, அந்த வாசனை மட்டும் போக மாட்டேங்குது" என்றார் டூகல்ட்.

"போகாது. எனக்குத் தெரியும்."

"உங்க நாய் ரெண்டும் ஒரு வாரம் படுத்தாப் போயிடும்."

அவள் நின்றாள். அது உண்மைதான். ஈரக் கோராவின் நாற்றத்துக்கு முன்னால் எந்த மருந்து வாசனையும் நிற்காது. புரோடியைக் கொண்டுவந்தாள். அவன் பலகையின் பாதியில் நின்றுவிட்டான். அவன் வயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, "ஒண்ணு. அடுத்தது. அவ்வளவுதான் ராஜா" என்று சொல்லிக்கொண்டே ஏற்றினாள். தரையில் நாற்காலி கட்டும் தண்டவாளம் இருந்தது.

"இதுல நாயைக் கட்டலாமா?"

"குதிரையையே கட்டலாம்."

குறைகள் இல்லாமல் இல்லை. கட்டில் ஒடுக்கம். கழிப்பறை கிடையாது. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு நாய்களும் படுத்தால் மனிதர் கால் வைக்க இடமில்லை. ஆனால் முகப்பு குட்டை, நாலு பக்கமும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. டூகல்டை இறக்கிவிட்டு, நாய்களோடு தனியாக ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தாள். ஒரு முனையில் பின்சக்கரம் நடைபாதை மேல் ஏறி இறங்கியது. புரோடி கண்ணைத் திறக்கவில்லை. "இதையே எடுத்துக்கறேன்" என்றாள் திரும்பி வந்து.

வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் தூணில் உரசிக்கொண்டு நின்றது. மர்டோ வெளியே வந்தான். உரசலைத் தடவிப் பார்த்தான். கீழே குனிந்து பார்த்தான். பின்கதவைத் திறந்து, படுத்திருந்த இரண்டு நாய்களையும் பார்த்தான். எல்ஸ்பெத் இறங்காமல் இடுப்பில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள், அவன் என்ன சொல்லப் போகிறான் என்று.

"பிரேக் கொஞ்சம் கீச்சுங்குது" என்றான். "நாளைக்குப் பாக்கறேன்."

"சரி."

"எல்ஸ்பெத்."

"ம்."

"நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்தான்" என்றாள். "கதவைச் சாத்து, குளிருது."

வசந்தத்தில் முதல் பயணம் போனார்கள். ஸ்பெயின் எல்லாம் இல்லை. மேற்குக் கடற்கரைக்கு உல்லபூல் வரை போகலாம் என்று கிளம்பினார்கள். எல்ஸ்பெத் அவ்வளவு மெதுவாக ஓட்டினாள், பின்னால் கார்கள் ஊர்வலமாக வந்தன. ஒதுங்க இடம் கிடைத்த இடத்தில் எல்லாம் ஒதுங்கி வழி விட்டாள். ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். "போடா, போய் அங்க என்ன வெட்டி முறிக்கப் போற" என்று கத்தினாள். மர்டோ பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். கைப்பிடியை விடவில்லை. பிட்லாக்ரி தாண்டியதும் அவளுக்கே பொறுக்கவில்லை, வண்டியை ஓரம் கட்டினாள்.

"நீ மிதிக்கிற மிதிக்கு வண்டியில ஓட்டை விழுந்துடும். பின்னால போ."

"பின்னால நாய் இருக்கே."

"அதுங்க ஒண்ணும் சொல்லாது. போ."

போய், முன்பு முதியோருக்குத் துணையாக வருகிறவர் உட்கார்ந்த ஓரச் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். கோரா தலையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். கொஞ்ச தூரம் வரை, "லாரி வருது பாத்துக்கோ", "கியர மாத்து" என்று குரல் வந்தது. பிறகு வரவில்லை. எல்ஸ்பெத் கண்ணாடியில் பார்த்தாள். வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். மலைகளின் நடுவே மழை வந்தது. வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குத் தோள்பட்டை எரிந்தது. எழுப்பவில்லை.

உல்லபூல் வரை அவளால் முடியவில்லை. ஏவிமோர் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை முகாமில் நிறுத்தினாள். வண்டியை இடத்தில் விட எத்தனை தடவை முன்னும் பின்னும் போனாளோ, பக்கத்து வண்டிக்காரர் டீக்கோப்பையோடு வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தார். எஞ்சினை அணைத்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், இரண்டு நாய்களையும் தாண்டிப் போய்க் கட்டிலில் விழுந்தாள்.

மர்டோ எழுந்து அவள் மேல் போர்வையைப் போர்த்தினான். நாய்களை ஒவ்வொன்றாகப் பலகை வழியாக இறக்கினான். மழை விட்டிருந்தது. வெளியே அடுப்பை வைத்து சாசேஜ் வறுக்கத் தொடங்கினான். கோரா ஏரிக்குள் போய்விட்டாள், புரோடி அடுப்புக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்தான்.

பக்கத்து வண்டிக்காரர் நெருங்கி வந்தார். "நல்ல வண்டி. தரை தாழ்வா இருக்கு, நாய்ங்களுக்கு வசதி" என்றார். "இவ்வளவு பெரிசை ஓட்டுறது கஷ்டமா இல்லையா உங்களுக்கு?"

"நான் ஓட்டல" என்றான் மர்டோ. "என் பொண்டாட்டிதான் ஓட்டுறா."

"அப்ப நீங்க?"

"நான் நாய்ங்களோட வர்றவன்."

அவர் உரக்கச் சிரித்தார். மர்டோ கரண்டியைத் தூக்கி உதட்டில் வைத்துக் காட்டினான்.

"மெதுவா" என்றான். "இப்பதான் தூங்குறா."